அழிக்கிற பட்டனுக்கு அவசரம் வேண்டாம்

போன மாசம் பேட்டரி பத்தின ஒரு கேள்விக்கு பதில் எழுதுறப்போ, நடுவுல சும்மா ஒரு வரி, தொலைஞ்ச போனை தூரத்துல உக்காந்துகிட்டே அழிக்கலாம்னு எழுதிட்டேன். அவ்வளவுதான், இந்த மாசம் வந்த கடிதத்துல பாதி தொலைஞ்ச போன்தான். பஸ்ல போனது, கோயில் கூட்டத்துல போனது, ஒருத்தருக்கு கிணத்துக்குள்ளயே போயிருக்கு (அதுக்கு நான் பதில் சொல்ல முடியாதுங்க, மோட்டார்க்காரரைக் கூப்பிடுங்க). பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் எழுதியிருந்ததால எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

மதுரை வாசகி: மாட்டுத்தாவணில பஸ் ஏறுற கூட்டத்துல வீட்டுக்காரரோட ஆண்ட்ராய்டு போன் போயிடுச்சு. பிளஸ் டூ படிக்கிற பையன் என் போன்ல இருந்து அவர் அக்கவுண்ட்டைப் போட்டு உடனே எல்லாத்தையும் அழிச்சிட்டான். அதுக்கப்புறம் மேப்ல பார்த்தா போன் எங்க இருக்குன்னே காட்டல. அவர் இன்னும் பையனைத் திட்டிக்கிட்டே இருக்கார். அவன் செஞ்சது தப்புங்களா?

திட்டுறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. பையன் தெரியாத வேலை ஒண்ணும் செய்யல, வரிசைதான் மாறிப்போச்சு.

கூகுளோட இந்த வசதி 2013-ல ஆண்ட்ராய்டு டிவைஸ் மேனேஜர்ங்கிற பேர்ல வந்துச்சு, 2017-ல ஃபைண்ட் மை டிவைஸ் ஆச்சு, 2025-ல இருந்து ஃபைண்ட் ஹப். பேரை மாத்திக்கிட்டே இருப்பாங்க, உள்ள இருக்கறது அதே மூணு பட்டன்தான். ஒண்ணு ரிங் அடிக்க, ஒண்ணு லாக் பண்ண, இன்னொண்ணு மொத்தமா அழிக்க. இதுல முதல் ரெண்டையும் எத்தனை தடவை வேணாலும் அழுத்தலாம், மூணாவது ஒரே ஒரு தடவைதான். ஏன்னா போன் எங்க இருக்குன்னு நமக்கு சொல்லிக்கிட்டு இருக்கறதே அந்த போனுக்குள்ள இருக்கற உங்க கூகுள் அக்கவுண்ட்தான், அழிக்கச் சொன்னா அந்த அக்கவுண்ட்டும் சேர்ந்து போயிடுது, அப்புறம் மேப்ல என்னத்தைக் காட்டும்? உளவு பார்க்க அனுப்பின ஆளையே கூப்பிட்டு வேலையை விட்டுத் தூக்கின மாதிரி ஆயிடுது.

அப்ப என்ன செஞ்சிருக்கணும்னா, முதல்ல ரிங். பஸ் சீட்டுக்கு அடியில விழுந்து கிடந்தா கண்டக்டர் காதுல விழுமே. சத்தம் இல்லன்னா ரெண்டாவது பட்டன், லாக். இது ஸ்கிரீனை பின் நம்பர் போட்டு மூடிடும், மேல ஒரு மெசேஜும் கூப்பிட ஒரு நம்பரும் வைக்கலாம். 'இந்த போன் கிடைச்சா இந்த நம்பருக்கு பேசுங்க'ன்னு உங்க நம்பரைப் போட்டா எடுத்தவர் நல்லவரா இருந்தா கூப்பிடுவார், அப்படிக் கூப்பிட்டுக் குடுத்தவங்க கதையும் இந்தத் தடவை ரெண்டு மூணு கடிதத்துல இருந்துச்சு. லாக் பண்ணினாலும் இடம் காட்டுறது நிக்காது. திரும்பக் கிடைக்காதுன்னு மனசுக்கு உறுதியான பிறகு, போலீஸ்ல சொல்லிட்டு, பேங்க் வேலையெல்லாம் முடிச்சிட்டு, கடைசியா மூணாவது பட்டன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. போன்ல ஸ்கிரீன் லாக்கே போடாம வச்சிருந்தீங்க, தூரத்துல இருந்து லாக்கும் ஏறலன்னா, காத்திருக்க வேண்டாம், அழிச்சிடுங்க. அதுல பேங்க் மெசேஜ், குடும்ப போட்டோ எல்லாம் இருக்கு, போனோட விலை அதைவிடப் பெருசில்ல.

வீட்டுக்காரர் மனசு ஆற இன்னொரு சேதி. அழிச்ச போனை எடுத்தவன் சும்மா ஆன் பண்ணி யூஸ் பண்ணிட முடியாது. ஆண்ட்ராய்டு 5.1 காலத்துல இருந்தே ஒரு பூட்டு இருக்கு, தூரத்துல இருந்து அழிச்ச போனை மறுபடி ஆன் பண்ணினா பழைய கூகுள் அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டைக் கேட்டு நிக்கும். அழிக்கிற ஆர்டர் குடுத்த நேரத்துல போன் ஆஃப்ல இருந்திருந்தாலும் கவலையில்ல, எப்ப நெட் கிடைக்குதோ அப்ப அந்த ஆர்டர் போய்ச் சேர்ந்து அழிஞ்சிடும். அதனால மேப்ல காட்டலங்கிறதுக்காக எல்லாம் முடிஞ்சதுன்னு இல்ல. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா இருக்கற அடையாள எண், அதாவது ஐ.எம்.இ.ஐ. நம்பர் வச்சு தேடுற வழி ஒண்ணு தனியா இருக்கு, அதுக்கும் இந்த அழிக்கிற பட்டனுக்கும் சம்பந்தமே கிடையாது. கீழ சேலம் வாசகருக்கு சொல்லியிருக்கேன், அதையும் படிச்சிடுங்க.

திருச்சி, கல்லூரி மாணவி: அண்ணா, போன் தொலைஞ்சதும் ஹாஸ்டல் ஃப்ரெண்டு போன்ல கூகுள் அக்கவுண்ட் போட்டேன். பாஸ்வேர்டு சரியாத்தான் போட்டேன், ஆனா 'உங்க போன்ல வர்ற ஆமாங்கிறதை அழுத்துங்க'ன்னு சொல்லுது. அந்த போன்தானே தொலைஞ்சது! வேற வழி கேட்டா ஓ.டி.பி. அனுப்புறேங்குது, அதுவும் அதே போனுக்கு.

இந்தக் கொடுமையை நானும் அனுபவிச்சிருக்கேன் தங்கச்சி. நாலு வருஷம் முன்னாடி கும்பகோணத்துல ஒரு கல்யாணம், முகூர்த்தம் முடிஞ்சு பந்திக்கு ஓடுற அவசரத்துல மண்டபத்துல எங்கயோ போனை விட்டுட்டேன். ஊருக்கெல்லாம் இந்தப் பத்தியில உபதேசம் பண்ற ஆளு, நமக்கென்ன பயம்னு மச்சான் போனை வாங்கி அக்கவுண்ட்டைப் போடறேன், அது அழகா கேக்குது, போன்ல ஆமான்னு அழுத்துங்கன்னு. பரவாயில்ல, நம்மகிட்டதான் பேக்கப் கோடு இருக்கேன்னு ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷம்தான் ஞாபகம் வந்துச்சு, அந்தக் கோடையெல்லாம் பத்திரமா அதே போன்ல நோட்ஸ்லதான் எழுதி வச்சிருந்தேன். வீட்டைப் பூட்டி சாவியை உள்ளயே வச்ச கதை. கடைசில பாயசம் ஊத்துற பையன் வந்து, அண்ணே இது உங்களுதான்னு கொண்டுவந்து குடுத்தான், கவர் முழுக்க சர்க்கரைப் பாகு.

அந்த பேக்கப் கோடு என்னன்னா, கூகுள் அக்கவுண்ட்ல செக்யூரிட்டி பகுதிக்குள்ள ரெண்டு கட்ட சரிபார்ப்புன்னு இருக்கற இடத்துல கிடைக்கும், 10 கோடு, ஒவ்வொண்ணும் 8 இலக்கம், ஒரு கோடு ஒரு தடவைதான் செல்லும். பேப்பர்ல எழுதி பர்ஸ்ல ரெண்டு, வீட்ல மீதின்னு வச்சுக்கணும். உங்களுக்கு இப்ப அது இல்லாததால டூப்ளிகேட் சிம் வாங்கறதுதான் வழி. இல்லன்னா ரூம்லயோ லேப்லயோ லேப்டாப்ல ஏற்கனவே உங்க ஜிமெயில் திறந்தே இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுலயே ஃபைண்ட் ஹப் திறக்கலாம், பல நேரம் மறுபடி எதையும் கேக்காது.

புதுசா போன் வாங்கினதும் இன்னொண்ணும் செஞ்சிடுங்க. 2024 கடைசில கூகுள் ரிமோட் லாக்னு ஒண்ணு குடுத்துச்சு, ஆண்ட்ராய்டு 10-ம் அதுக்கு மேலயும் இருக்கற போன்ல வரும். அதை முன்னாடியே ஆன் பண்ணி வச்சிருந்தா, யாரோட போன்லயாவது ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக்னு அடிச்சு உங்க நம்பரை மட்டும் போட்டு போனைப் பூட்டிடலாம், பாஸ்வேர்டே வேண்டாம். பூட்ட மட்டும்தான் முடியும், இடம் காட்டாது, ஆனா பதட்டத்துல பாஸ்வேர்டு மறந்துபோற நேரத்துக்கு இதுதான் சாமி. அதே செட்டிங்ஸ் பக்கத்துல, கையில இருந்து பிடுங்கிட்டு ஓடினா போனே அந்த அசைவைக் கண்டுபிடிச்சு தானா பூட்டிக்கிற வசதியும் இருக்கும், அதையும் ஆன் பண்ணிக்கங்க. தெருவுல பேசிக்கிட்டே நடக்கறவங்களுக்கு அவசியம் வேணும்.

தஞ்சாவூர் வாசகர்: எங்க அம்மா வாரத்துக்கு மூணு தடவை போனை வீட்டுக்குள்ளயே தொலைக்கறாங்க. சைலன்ட்ல வேற போட்டுடறாங்க. கால் பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

கால் பண்ணாதீங்க, ஃபைண்ட் ஹப்ல ரிங் பட்டனை அழுத்துங்க. சைலன்ட்ல இருந்தாலும் முழு வால்யூம்ல 5 நிமிஷம் அடிக்கும். உங்க போன்ல ஃபைண்ட் ஹப் ஆப் போட்டு அம்மாவோட அக்கவுண்ட்டை அதுல சேர்த்து வச்சிடுங்க. எங்க வீட்லயும் இதே கதைதான், ஒரு நாள் பூஜை ரூம், ஒரு நாள் ஃபிரிட்ஜ் மேல, ஒரு தடவை அரிசி டிரம்முக்குள்ள இருந்து சத்தம் வந்துச்சு, அரிசி அளக்கறப்ப ஜாக்கெட்ல இருந்து நழுவி விழுந்திருக்கு. மூணாவது பட்டன் பக்கம் மட்டும் கை போயிடாம பாத்துக்கங்க.

கோவை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: போனைவிட எனக்கு பயம் பணத்தைப் பத்திதான். போன் லாக்ல இருந்தா ஜிபே, போன்பே எல்லாம் பத்திரம்தானே?

போன் லாக்ல இருக்குங்க சார், சிம் லாக்ல இருக்கா? எல்லாரும் கோட்டை விடற இடம் இதுதான்.

எடுத்தவன் உங்க போனைத் திறக்கவே மாட்டான். ஒரு ஊசியை விட்டு சிம் டிரேயை வெளிய இழுத்து, அந்த சிம்மை வேற போன்ல போட்டுப்பான். இப்ப உங்க நம்பருக்கு வர்ற எல்லா ஓ.டி.பி.யும் அவன் கையில. யூ.பி.ஐ. ஆப் வேற போன்ல போட்டா புதுசா சரிபார்க்கும், யூ.பி.ஐ. பின் தெரியாம பணம் போகாது, அது உண்மை. ஆனா அந்தப் பின்னையே மாத்தறதுக்கு என்ன வேணும்? டெபிட் கார்டோட கடைசி 6 நம்பர், எக்ஸ்பைரி தேதி, ஒரு ஓ.டி.பி. இப்ப கொஞ்சம் நம்ம ஊர் வழக்கத்தை யோசிச்சுப் பாருங்க. போன் கவர் பின்னாடி என்ன இருக்கும்? நாலா மடிச்ச ஒரு நூறு ரூபா, ஒரு முருகர் படம், ஆதார் ஜெராக்ஸ், அதோட அந்த டெபிட் கார்டு! திருடனுக்கு நாமளே தாம்பூலத் தட்டுல வச்சுக் குடுக்கறோம். புது போன்ல யூ.பி.ஐ. போட்டா முதல் 24 மணி நேரத்துக்கு 5000 ரூபாதான் அனுப்ப முடியும்னு ஒரு கட்டுப்பாடு இருக்கு, அந்த ஒரு நாள்தான் உங்களுக்கு கிடைக்கிற அவகாசம்.

அதனால போன் போச்சுன்னு தெரிஞ்ச உடனே, மேப்ல தேடிக்கிட்டு அரை நாளை ஓட்டாம, வேற ஒருத்தர் போன்ல இருந்து உங்க சிம் கம்பெனியோட கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு சிம்மை பிளாக் பண்ணுங்க. இங்க ஒரு சிக்கல் இருக்கு, அதையும் சொல்லிடறேன். சிம்மை பிளாக் பண்ணினா அந்த போனுக்கு நெட் போயிடும், நெட் போனா மேப்ல இடம் காட்டறதும் பெரும்பாலும் நின்னுடும். ரெண்டு சிம் இருந்து நெட் இன்னொரு சிம்ல ஓடுதுன்னா தப்பிச்சீங்க. ஒரே சிம்தான்னா, ரிங் விட்டு லாக் பண்ண ஒரு பத்து நிமிஷம் எடுத்துக்கங்க, அதுக்கு மேல வேண்டாம், பிளாக் பண்ணிடுங்க. என்னைக் கேட்டா பணம்தான் முதல்ல, போன் அப்புறம்தான்.

அடுத்து பேங்க்குக்கு சொல்லி யூ.பி.ஐ., நெட் பேங்கிங், கார்டு எல்லாத்தையும் நிறுத்துங்க. ஏற்கனவே பணம் போயிருந்தா 1930-க்கு உடனே பேசுங்க, சைபர் கிரைம் உதவி நம்பர் அதுதான், எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்கு பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்கு தாவறதுக்குள்ள நிறுத்த முடியும்.

இதெல்லாம் நடக்காம இருக்க இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க, சிம் பின். போன் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள சிம் லாக்னு இருக்கும். அதை ஆன் பண்ணிட்டா சிம்மை எந்த போன்ல போட்டாலும் முதல்ல 4 இலக்க பின் கேக்கும். ஆன் பண்றப்ப கம்பெனி வச்சிருக்கற பழைய பின்னைக் கேக்கும், அதை கஸ்டமர் கேர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, குத்துமதிப்பா அடிக்காதீங்க. மூணு தடவை தப்பா அடிச்சா சிம் பூட்டிக்கும், அப்புறம் அதைத் திறக்கற பி.யூ.கே. நம்பர் வாங்கறதுக்கு அலையணும். ஈ-சிம் வச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லை கம்மி, ஊசி விட்டு உருவறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.

சேலம் வாசகர்: ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து சி.எஸ்.ஆர்., அதான் புகார் ரசீது, வாங்கிட்டேன். சஞ்சார் சாத்தின்னு ஒரு சைட்ல போட்டா போனை முடக்கலாம்னு சொன்னாங்க. டூப்ளிகேட் சிம்மும் வாங்கி அந்த ஃபார்மைப் போட்டா ஓ.டி.பி. வரவே மாட்டேங்குது. சைட் வேலை செய்யலையா?

சைட் நல்லாத்தான் இருக்கு, உங்க சிம்மும் நல்லாத்தான் இருக்கு. டூப்ளிகேட் சிம் ஆக்டிவேட் ஆனதுல இருந்து 24 மணி நேரத்துக்கு அதுல எஸ்.எம்.எஸ். வராது. அது ரூல். எவனாவது உங்க பேர்ல டூப்ளிகேட் சிம் வாங்கி ஓ.டி.பி.யை சுருட்டிடக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. இது தெரியாம சிம் கடைக்காரரோட சண்டை போட்டுட்டு வந்தவங்க எத்தனை பேர்! மறுநாள் அதே நேரம் தாண்டி முயற்சி பண்ணுங்க, வரும்.

மத்தவங்களுக்காக கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்கத்துல ஒரு ஐ.எம்.இ.ஐ. நம்பர் உண்டு, ரெண்டு சிம் போன்னா ரெண்டு நம்பர். நாட்டுல இருக்கற இந்த நம்பரையெல்லாம் ஒரே பதிவேட்டுல வச்சிருக்கறதுதான் சி.இ.ஐ.ஆர். முதல்ல 2019-ல மும்பை, டெல்லி பக்கம் சோதனையா ஓடுச்சு, 2023 மே மாசத்துல சஞ்சார் சாத்தி தளம் மூலமா நாடு முழுக்க வந்துச்சு. தொலைஞ்ச போன்ல இருந்த நம்பர், ஐ.எம்.இ.ஐ., வாங்கின பில், புகார் காப்பி, ஒரு அடையாள அட்டை, இதையெல்லாம் போட்டு அனுப்பினா ஒரு ரிக்வஸ்ட் ஐ.டி. குடுப்பாங்க, அதை எழுதி வச்சுக்கங்க. 24 மணி நேரத்துக்குள்ள அந்த போன் இந்தியாவுல எந்த நெட்வொர்க்லயும் வேலை செய்யாது, புது சிம் போட்டாலும் சரி.

இங்க முக்கியமான விஷயம், ஒருத்தன் அந்த போன்ல தன்னோட சிம்மை சொருகின உடனே அந்த விவரம் போலீசுக்குப் போயிடும். முடக்கிட்டா எப்படித் தேடுவாங்கன்னு கேக்காதீங்க, முடக்கறதால தேடறது நிக்காது. மாவட்டம் மாவட்டமா எஸ்.பி. ஆபீஸ்ல மேஜை மேல வரிசையா போனை அடுக்கி வச்சு உரியவங்ககிட்ட ஒப்படைச்சாங்கன்னு அடிக்கடி பேப்பர்ல போட்டோ வருதே, அதுல நிறைய இப்படிக் கிடைச்சதுதான். சில மாசம் ஆகலாம். போன் கைக்கு வந்ததும் அதே சைட்ல ரிக்வஸ்ட் ஐ.டி. போட்டு முடக்கத்தை எடுக்கணும், அதை மறந்துட்டு போன் வேலை செய்யலன்னு சர்வீஸ் சென்டர்ல குடுத்த புண்ணியவான் ஒருத்தரை எனக்குத் தெரியும்.

குறை இல்லாம இல்ல. நாட்டை விட்டு வெளிய போயிட்டா இந்தப் பதிவேட்டால ஒண்ணும் பண்ண முடியாது. உதிரி பாகமா பிரிச்சு வித்துட்டாலும் அப்படித்தான். ஐ.எம்.இ.ஐ. நம்பரையே மாத்தற கில்லாடிகளும் இருக்காங்க, 2023 தொலைத்தொடர்பு சட்டத்துல அதுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம்னு வச்சிருக்காங்க.

காட்பாடி வாசகர்: ரயில்ல தூங்கறப்ப சார்ஜர்ல இருந்து போனை எடுத்துட்டாங்க. எந்த ஸ்டேஷன் எல்லையில போச்சுன்னே தெரியல, எங்க புகார் குடுக்கறது?

139-க்குப் பேசுங்க, இல்லன்னா ரயில் மதத் ஆப்ல போடுங்க. 2025-ல இருந்து ரயில்வே பாதுகாப்புப் படையும் மேல சொன்ன சி.இ.ஐ.ஆர். பதிவேட்டோட சேர்ந்து வேலை பார்க்குது, எல்லை எதுன்னு நீங்க மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

சென்னை வாசகர்: மேப்ல என் போன் ஒரு தெருவுல இருக்கற மாதிரி நல்லாவே காட்டுது. ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்து நேர்ல போய்க் கேட்கலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தப் புள்ளியை மட்டும் பார்க்காதீங்க, சுத்தி ஒரு வட்டம் போட்டிருக்கும், அந்த வட்டத்துக்குள்ள எங்க வேணாலும் இருக்கலாம்னு அர்த்தம். நம்ம ஊர்ல ஒரு வட்டத்துக்குள்ள நாற்பது வீடு, மாடி மேல மாடி, கீழ ஒரு மெஸ். எந்தக் கதவைத் தட்டுவீங்க? அதுவுமில்லாம கடைசியா நெட் கிடைச்ச இடத்தைத்தான் பழசா காட்டிக்கிட்டு இருக்கலாம், கீழ எத்தனை நிமிஷம் முன்னாடின்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேஷன்ல காட்டுங்க, அவங்களோட சேர்ந்து போங்க. அங்க நின்னுகிட்டு ரிங் விட்டா அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

நாகர்கோவில் வாசகி: ஐபோன் திருட்டுப் போய் பத்து நாள் ஆச்சு. தொலைஞ்ச ஐபோனைப் பூட்டற லாஸ்ட் மோட் போட்டு, ஸ்கிரீன்ல தெரியற மாதிரி என் தம்பி நம்பரைக் குடுத்திருந்தேன். இப்ப அவனுக்கு 'உங்க ஐபோன் கிடைச்சிருச்சு, இடத்தைப் பார்க்க இங்க அழுத்துங்க'ன்னு ஆப்பிள்ல இருந்து மெசேஜ் வந்திருக்கு. அழுத்தலாமா?

அழுத்தாதீங்க! அது ஆப்பிள் அனுப்பினது இல்ல, உங்க போனை வச்சிருக்கறவன் அனுப்பினது. தம்பி நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் ஸ்கிரீன்ல எழுதி வச்சிருக்கீங்களே. அதை அழுத்தினா ஆப்பிள் மாதிரியே ஒரு பக்கம் வந்து ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டையும் போனோட பாஸ்கோடையும் கேக்கும், குடுத்தீங்கன்னா முடிஞ்சது.

அவன் இவ்வளவு பாடுபடறதுக்குக் காரணம் இருக்கு. 2013-ல ஐ.ஓ.எஸ். 7 வந்ததுல இருந்து ஆக்டிவேஷன் லாக்னு ஒண்ணு இருக்கு, உங்க பாஸ்வேர்டு இல்லாம அந்த போனை அவனால வேற ஒருத்தருக்கு ஓடற போனா விக்க முடியாது. பத்து நாள் கழிச்சு மெசேஜ் வருதுன்னா அவனுக்கு இன்னும் வழி கிடைக்கலன்னு அர்த்தம், ஒரு விதத்துல நல்ல சேதிதான். சில பேருக்கு 'அழிக்கலன்னா உங்க போட்டோவை எல்லாம் வெளிய விடுவேன், அக்கவுண்ட்ல இருந்து அந்த போனை எடுத்துடு'ன்னு மிரட்டலே வரும். அழிக்கணும்னா அழிச்சுக்கங்க, ஆனா அக்கவுண்ட்ல இருந்து போனை நீக்கற பட்டனை மட்டும் தொடக்கூடாது. அழிக்கறது வேற, நீக்கறது வேற. நீக்கின நிமிஷமே பூட்டு கழண்டுடும், அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆண்ட்ராய்டுக்கு சொன்ன ஒண்ணு இங்க கொஞ்சம் மாறும். ஐ.ஓ.எஸ். 15-ல இருந்து ஐபோனை அழிச்ச பிறகும் இடம் காட்டும், ஐபோன் 11-ல இருந்து வந்ததுல பெரும்பாலானது ஆஃப் பண்ணியிருந்தாலும் கூட காட்டும், பக்கத்துல போற மத்த ஆப்பிள் போனுங்க புளூடூத்ல மோப்பம் பிடிச்சு சொல்லிடும். திருச்சி மாணவிக்கு வந்த ஓ.டி.பி. தொல்லையும் இங்க இல்ல, ஐகிளவுட் டாட் காம் ஸ்லாஷ் ஃபைண்ட்ல பாஸ்வேர்டு மட்டும் போதும். இந்த ஒரு விஷயத்துல ஆப்பிள்காரங்க யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்கன்னு ஒத்துக்கணும்.

ஈரோடு வாசகர்: அழிச்சா பொண்ணு பிறந்ததுல இருந்து எடுத்த போட்டோ எல்லாம் போயிடுமேன்னு கை வர மாட்டேங்குது. வாட்ஸ்அப்பும் அதுலதான்.

கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன்ல இருந்துச்சுன்னா அழிக்கறது போன்ல இருக்கறதை மட்டும்தான், மேல ஏறினது அப்படியே இருக்கும். இப்பவே கம்ப்யூட்டர்ல போட்டோஸ் பக்கத்தைத் திறந்து கடைசி போட்டோ எந்தத் தேதின்னு பாருங்க. ஃப்ரீயா கிடைக்கிற 15 ஜிபி நிரம்பிப் போய் பேக்கப் எப்பவோ நின்னுபோயிருக்கும், பல பேர் அதைக் கவனிக்கறதே இல்ல. சாம்சங் போன்னா அவங்களோட தனி ஃபைண்ட் சைட்ல, அழிக்கறதுக்கு முன்னாடி பேக்கப் எடுக்கற வசதி இருக்கு, போன் நெட்ல இருந்தா ஒரு முயற்சி பண்ணிப் பாருங்க.

மெமரி கார்டு போட்டிருந்தா வேற கதை. போனுக்குள்ள இருக்கறது பூட்டின மாதிரி குறியீடா இருக்கும், அழிக்கச் சொன்னா அதோட சாவியே போயிடும், யார் தோண்டினாலும் வராது. ஆனா கார்டுல இருக்கறது அழியும்னு நம்ப முடியாது, கழட்டி கார்டு ரீடர்ல போட்டா அப்படியே தெரியும். ஆதார், பத்திரம் மாதிரி போட்டோவை கார்டுல வச்சிருக்கறவங்க இப்பவே எடுத்துடுங்க.

வாட்ஸ்அப்புக்கு, டூப்ளிகேட் சிம்மைப் போட்டு வேற போன்ல அதே நம்பர்ல திறங்க, பழைய போன்ல தானா மூடிக்கும். எஸ்.எம்.எஸ். 24 மணி நேரத்துக்கு வராதுன்னு சொன்னேன்ல, கால் மூலமா கோடு வர்ற ஆப்ஷனை அழுத்துங்க.

திருநெல்வேலி வாசகர்: ஒரு கடையில செகண்ட் ஹேண்ட் போன் 7000 ரூபாய்க்கு வாங்கினேன். மூணு மாசம் கழிச்சு வெளி மாவட்ட போலீஸ் போன் பண்ணி, இது திருட்டுப் போன போன், கொண்டுவந்து ஒப்படைங்கன்னு சொல்றாங்க. என் காசு?

சேலத்துக்காரர் மாதிரி யாரோ ஒருத்தர் போட்ட புகார்தான் உங்க சிம் மூலமா உங்களைத் தேடி வந்திருக்கு. கூப்பிட்டது போலீஸ்தானான்னு முதல்ல உங்க ஊர் ஸ்டேஷன்லயே கேட்டு உறுதி பண்ணிக்கங்க. ஆமான்னா போனை எழுத்துப்பூர்வமா ஒப்படைச்சு ரசீது வாங்கிடுங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினாத்தான் குற்றம், கடை பில் இருந்தா அதைக் காட்டுங்க, பணத்தைக் கடைக்காரர்கிட்டதான் கேட்கணும். பில் இல்லாம வாங்கியிருந்தா கொஞ்சம் அலைச்சல்தான்.

அடுத்த தடவை காசைக் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த போன்ல *#06# அடிச்சு ஐ.எம்.இ.ஐ. பாருங்க. இங்கிலீஷ்ல கே, ஒய், எம்னு மூணு எழுத்து, ஒரு இடைவெளி, அப்புறம் அந்த 15 நம்பர், இதை 14422-க்கு எஸ்.எம்.எஸ். பண்ணினா போனோட ஜாதகம் வந்துடும். பிளாக் லிஸ்ட்னோ டூப்ளிகேட்னோ வந்தா கடையை விட்டு வெளிய வந்துடுங்க.

பட்டுக்கோட்டை, விவசாயி: என்கிட்ட பட்டன் போன்தான் தம்பி. எனக்கு இதுல ஏதாவது உண்டா?

உண்டுங்க ஐயா. மேப், அழிக்கற பட்டன் எதுவும் உங்களுக்குக் கிடையாது, ஆனா பட்டன் போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. உண்டு, போலீஸ் புகாரும் சி.இ.ஐ.ஆர். முடக்கமும் உங்களுக்கும் பொருந்தும். இப்பவே *#06# அடிங்க, ஸ்கிரீன்ல வர்ற நம்பரை தேதி கிழிக்கற காலண்டர் அட்டைக்குப் பின்னாடி எழுதிடுங்க. ஜனவரில புது காலண்டர் மாத்தறப்ப அந்த அட்டையை தூக்கிப் போட்டுடாதீங்க.